கடன் வசூல் ஏஜென்ட் தொல்லை: சென்னையில் சட்ட உதவி பெறுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பர்சனல் லோன், கிரெடிட் கார்டு, வண்டிக் கடன், குழுக் கடன், லோன் ஆப், தண்டல் என்று எந்தக் கடனில் தவணை நின்றாலும் முதலில் வருவது போன்தான். தபால் அதற்குப் பிறகு வரும். போனில் வரும் மிரட்டலுக்கு வக்கீல் தேவையில்லை. தபாலில் வரும் கவருக்குத்தான் தேவை. நிறையப் பேர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். நாலு மிரட்டல் போனுக்குப் பயந்து வக்கீலுக்கு ஐயாயிரம் கொடுத்துவிட்டு, கோர்ட் சம்மனைப் பிரிக்காமல் டிவி மேல் வைத்துவிடுகிறார்கள். இந்தப் பக்கத்தில் பெரும்பகுதி அந்த வித்தியாசத்தைப் பற்றியதுதான்.

"நாளைக்கு போலீஸ் வரும், அரெஸ்ட் வாரன்ட் ரெடி" என்கிறார் ஏஜென்ட். வருமா?

தவணை கட்டாதது குற்றம் இல்லை, அது சிவில் விவகாரம். கடனை வசூலித்துக் கொடுப்பது காவல் நிலையத்தின் வேலையும் இல்லை. வாட்ஸ்அப்பில் அசோகச் சின்னம் போட்டு, சிவப்பு எழுத்தில் வரும் 'வாரன்ட்' பெரும்பாலும் வசூல் அலுவலகத்தில் தயாரானது.

ஆனால் ஒரு விதிவிலக்கு உண்டு. நீங்கள் கொடுத்த செக் திரும்பியிருந்தாலோ, வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பிடிக்கும் தவணை பணமில்லாமல் திரும்பியிருந்தாலோ கிரிமினல் வழக்கு போட முடியும். செக்குக்கு மாற்றுமுறை ஆவணச் சட்டம் 138ஆம் பிரிவு, தானியங்கித் தவணைக்கு 2007ஆம் ஆண்டு பணம் செலுத்துதல் மற்றும் தீர்வு முறைகள் சட்டம் 25ஆம் பிரிவு. அப்போதும் எடுத்தவுடன் கைது கிடையாது. முதலில் நோட்டீஸ், பிறகு வழக்கு, பிறகு சம்மன். சம்மனுக்குப் போகாமல் இருந்தால்தான் வாரன்ட் வரும்.

வந்திருப்பது நிஜமா என்று பார்க்க, அதில் வழக்கு எண், நீதிமன்றத்தின் பெயர், வாய்தா தேதி, நீதிமன்ற முத்திரை இருக்கிறதா பாருங்கள். பிறகு இ-கோர்ட்ஸ் செயலியில் உங்கள் பெயரையோ வழக்கு எண்ணையோ போட்டுத் தேடுங்கள். பத்து நிமிட வேலை.

போன் செய்பவர் யார் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கேளுங்கள். "உங்க பேர் என்ன, எந்த ஏஜென்சி, எந்த பேங்குக்காகப் பேசறீங்க, லோன் அக்கவுண்ட் நம்பர் என்ன? பேங்க் கொடுத்த அதிகாரக் கடிதத்தை அனுப்புங்க, பார்த்துட்டுப் பேசறேன்." இதற்கு மேல் ஒரு வார்த்தை வேண்டாம். எப்போது கட்டுவேன், சம்பளம் எவ்வளவு, மாமனார் வீடு எங்கே என்பதெல்லாம் அவர் கேட்டாலும் நீங்கள் சொல்ல வேண்டியதில்லை.

நேரில் வருபவர் அடையாள அட்டையோடு வங்கி கொடுத்த அதிகாரக் கடிதத்தின் நகலையும் கையில் வைத்திருக்க வேண்டும். 2008 முதலே ரிசர்வ் வங்கி இதைச் சொல்லிவருகிறது. எந்த ஏஜென்சியிடம் உங்கள் கணக்கு போயிருக்கிறது என்று வங்கி உங்களுக்கு முன்கூட்டியே தெரிவிக்கவும் வேண்டும். தெரிவிக்கவில்லை என்றால் புகாரில் முதல் வரி அதுவாக இருக்கட்டும்.

ரொக்கம் மட்டும் கொடுக்கவே கொடுக்காதீர்கள். ஏஜென்டின் சொந்த ஜிபே எண்ணுக்கும் அனுப்பாதீர்கள். கடன் கணக்கில் நேரடியாகக் கட்டிய பணத்துக்குத்தான் கணக்கு. ஏஜென்ட் மாறிப் போனபின் "அவர்கிட்ட கொடுத்தேனே" என்பது எந்த மேஜையிலும் எடுபடாது.

எந்த நேரத்தில் கூப்பிடலாம்?

காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பிறகும் கூப்பிடக் கூடாது. 2022 ஆகஸ்ட் 12ஆம் தேதி ரிசர்வ் வங்கி இட்ட உத்தரவு இது. மகளிர் குழுக்கள் வாங்கும் நுண்கடனுக்கு விதி இன்னும் கடுமை: காலை 9 மணிக்கு முன்பு, மாலை 6 மணிக்குப் பிறகு கூடாது. குழுக் கடனில் வசூல் நடக்கும் இடம் இரு தரப்பும் ஒப்புக்கொண்ட பொது இடமாக இருக்க வேண்டும். தொடர்ந்து இரண்டு முறை அங்கே வராமல் போனால்தான் வீட்டுக்கோ வேலை செய்யும் இடத்துக்கோ வரலாம். ராத்திரி ஒன்பது மணிக்கு வாசல் படியில் உட்கார்ந்து "கட்டாம எழுந்திருக்க மாட்டோம்" என்பதற்கு எந்த விதியிலும் இடமில்லை.

ஆபீஸுக்கும் அக்கா வீட்டுக்கும் போன் செய்து சொல்கிறார்கள். இது சரியா?

இல்லை. கடன் வாங்கியவரின் குடும்பத்தினர், நண்பர்கள், விண்ணப்பத்தில் ரெஃபரன்ஸ் என்று பெயர் கொடுக்கப்பட்டவர்கள் ஆகியோரின் அந்தரங்கத்தில் தலையிடுவதும், நாலு பேர் முன்னால் அவமானப்படுத்துவதும், ஓயாமல் கூப்பிடுவதும் ரிசர்வ் வங்கியின் அதே 2022 உத்தரவில் தடை செய்யப்பட்டவை. ரெஃபரன்ஸ் கொடுத்தவர் ஜாமீன்தாரர் அல்ல. அவர் ஒரு ரூபாய்க்கும் பொறுப்பில்லை. சூரிட்டி கையெழுத்துப் போட்டவர் கதை வேறு. ஒப்பந்தச் சட்டம் 128ஆம் பிரிவுப்படி கடன் வாங்கியவருக்கு உள்ள அதே பொறுப்பு அவருக்கும் உண்டு, அவரிடம் நேராகவே கேட்கலாம். ஆனால் அவரையும் மிரட்டக் கூடாது.

புகார் எங்கே, எந்த வரிசையில் கொடுப்பது?

வரிசை மாறினால் புகார் தள்ளுபடியாகும். மிகுதியான புகார்கள் விழுவது இங்கேதான்.

முதலில் கடன் கொடுத்த வங்கி அல்லது நிதி நிறுவனத்துக்கு எழுதுங்கள். கஸ்டமர் கேரில் பேசினது கணக்கில்லை. நிறுவனத்தின் இணையதளத்தில் குறைதீர்க்கும் அதிகாரியின் மின்னஞ்சல் இருக்கும். அதற்குக் கடன் கணக்கு எண், போன் வந்த எண்கள், தேதி, நேரம், சொன்ன வார்த்தைகள் ஆகியவற்றை எழுதுங்கள். 'மிகவும் தொல்லை கொடுக்கிறார்கள்' என்று எழுதினால் ஒன்றும் நடக்காது. '14ஆம் தேதி இரவு 9.40க்கு இந்த எண்ணிலிருந்து கூப்பிட்டு, என் மகள் படிக்கும் பள்ளியின் பெயரைச் சொல்லி மிரட்டினார்' என்று எழுதினால் அவர்கள் பதில் சொல்லியாக வேண்டும். புகார் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். புகார் நிலுவையில் இருக்கும்போது வங்கி அந்தக் கணக்கை வசூல் ஏஜென்சிக்கு அனுப்பக் கூடாது என்பதும் ரிசர்வ் வங்கியின் விதிதான். அதையும் அந்த மின்னஞ்சலிலேயே ஒரு வரி குறிப்பிடுங்கள்.

30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தியில்லை என்றாலோ, ரிசர்வ் வங்கியின் ஆம்புட்ஸ்மேனிடம் (வங்கி, நிதி நிறுவனங்கள் மேலான புகாரை விசாரிக்கும் அதிகாரி) போகலாம். சி.எம்.எஸ். என்ற ரிசர்வ் வங்கி இணையதளத்தில் பதியலாம். 14448 என்ற எண்ணில் விவரம் கேட்கலாம். கட்டணம் இல்லை. இங்கே வக்கீல் மூலமாகப் புகார் கொடுக்கவே முடியாது, விதியே அப்படி. நீங்களோ, வக்கீல் அல்லாத உங்கள் பிரதிநிதியோதான் கொடுக்க வேண்டும். "ஆம்புட்ஸ்மேன் கேஸ் போட்டுத் தர்றேன்" என்று யாராவது ஃபீஸ் கேட்டால் புரிந்துகொள்ளுங்கள். அதே விஷயம் ஏற்கெனவே கோர்ட்டில் இருந்தால் ஆம்புட்ஸ்மேன் எடுக்க மாட்டார்.

ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தொல்லை வேறு, கடன் வேறு. புகாரில் நீங்கள் ஜெயித்தாலும் அசலும் வட்டியும் அப்படியேதான் இருக்கும்.

போலீஸில் எப்போது புகார் கொடுக்கலாம்?

மிரட்டல், கை வைத்தல், வீட்டுக்குள் புகுதல், பெண்களிடம் ஆபாசப் பேச்சு, பொருளைப் பிடுங்குதல் இவற்றுக்கு ஆம்புட்ஸ்மேனுக்கான 30 நாள் காத்திருக்க வேண்டியதே இல்லை. அந்த நேரத்திலேயே 100 அல்லது 112. பிறகு உங்கள் எல்லைக்குட்பட்ட காவல் நிலையத்தில் எழுத்துமூலம் மனு. குற்ற மிரட்டலுக்கு பாரதிய நியாய சன்ஹிதா 351ஆம் பிரிவு, மிரட்டிப் பணம் பறித்தலுக்கு 308, அத்துமீறி நுழைதலுக்கு 329.

மனுவைக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வராதீர்கள். சி.எஸ்.ஆர். ரசீது (மனுவைப் பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகைச் சீட்டு) கேட்டு வாங்குங்கள். "இது சிவில் மேட்டர்" என்று திருப்பி அனுப்புவது வாடிக்கை. உங்கள் மனுவில் கடன் கதை அதிகமாகவும் மிரட்டல் கதை குறைவாகவும் இருந்தால் அப்படித்தான் தோன்றும். கடனை ஒரு வரியில் முடித்துவிட்டு, என்ன நடந்தது என்பதை முழுதாக எழுதுங்கள். அப்படியும் வாங்க மறுத்தால் துணை ஆணையருக்குத் தபாலில் அனுப்பலாம், வேப்பேரியில் உள்ள ஆணையர் அலுவலகத்தில் கொடுக்கலாம், கடைசியாக மாஜிஸ்திரேட்டிடம் மனு போடலாம். அந்தக் கடைசிப் படிக்குத்தான் வக்கீல்.

ஆடியோ பதிவு வைத்திருந்தால் அதைப் பதிவு செய்த போனையே பத்திரமாக வைத்திருங்கள். பதிவை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு மூலக் கோப்பை அழித்துவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. கோர்ட்டில் பாரதிய சாட்சிய அதினியம் 63ஆம் பிரிவின்படி சான்று கேட்பார்கள். மூலம் இல்லாவிட்டால் சிக்கல்.

லோன் ஆப்காரர்கள் என் போட்டோவை மார்ஃபிங் செய்து காண்டாக்ட்டில் இருப்பவர்களுக்கு அனுப்புகிறார்கள்.

உடனே 1930 என்ற சைபர் குற்ற எண்ணுக்குப் பேசுங்கள், தேசிய சைபர் குற்ற இணையதளத்திலும் பதியுங்கள். பணம் கட்டினால் நிறுத்திவிடுவார்கள் என்று நம்ப வேண்டாம். ஒரு முறை கட்டியவரிடம்தான் மறுபடி கேட்பார்கள்.

முறைப்படி இயங்கும் டிஜிட்டல் கடன் ஆப் உங்கள் காண்டாக்ட் பட்டியலையும் கேலரியையும் தொடவே கூடாது. கடன் தொகை வங்கி அல்லது நிதி நிறுவனத்தின் கணக்கிலிருந்து நேராக உங்கள் கணக்குக்கு வர வேண்டும். எவரோ ஒருவரின் யூபிஐ எண்ணிலிருந்து பணம் வந்திருந்தால் பின்னால் உரிமம் பெற்ற நிறுவனமே இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம். அப்படிப்பட்டதை உரிமமில்லா நிதி நிறுவனங்கள் பற்றிப் புகார் பெறும் ரிசர்வ் வங்கியின் 'சச்சேத்' தளத்திலும் தெரிவியுங்கள். ஆப்பை நீக்குவதற்கு முன் ஒப்பந்தம், தொகை வந்த விவரம், மிரட்டல் எல்லாவற்றையும் ஸ்க்ரீன்ஷாட் எடுங்கள். பதற்றத்தில் முதலில் ஆப்பை அழித்துவிட்டு வருபவர்களின் கையில் ஒன்றும் மிஞ்சுவதில்லை.

இந்த நிலையில் யாராவது உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணத்தில் இருந்தால் சட்டமெல்லாம் பிறகு. 104 அல்லது 14416 என்ற உதவி எண்ணுக்குப் பேசுங்கள். வீட்டில் ஒருவரிடமாவது சொல்லிவிடுங்கள். விஷயம் வெளியே தெரிந்துவிடுமே என்ற பயம்தான் மிரட்டுபவர்களின் ஒரே ஆயுதம்.

ரோட்டில் வண்டியை மறித்து சீஸ் செய்கிறார்கள். என்ன செய்வது?

ஜி.எஸ்.டி. ரோடு சிக்னலில் இரண்டு பேர் பைக்கில் வந்து சாவியைப் பிடுங்குவது வசூல் அல்ல. வாகனத்தை அடியாள் வைத்துப் பறிப்பதை 2007இல் ஐசிஐசிஐ வங்கி எதிர் பிரகாஷ் கௌர் வழக்கில் உச்ச நீதிமன்றம் கடுமையாகக் கண்டித்திருக்கிறது. ஒப்பந்தத்தில் வண்டியை எடுக்கும் உரிமை இருந்தாலும் நோட்டீஸ் கால அவகாசம், எடுக்கும் முறை, விற்பதற்கு முன் கட்டி மீட்கக் கடைசி வாய்ப்பு எல்லாம் அதிலேயே எழுதியிருக்க வேண்டும்.

வண்டியை விட்டு இறங்காமல் 112க்குப் பேசுங்கள், வீடியோ எடுங்கள், அதிகாரக் கடிதம் கேளுங்கள். கைகலப்பு வேண்டாம், வண்டி போனால் மீட்கலாம். முக்கியமானது: அவர்கள் நீட்டும் பேப்பரில் கையெழுத்துப் போடாதீர்கள். 'நானே விரும்பி ஒப்படைக்கிறேன்' என்று அதில் அச்சடித்திருக்கும். அந்த ஒரு கையெழுத்து உங்கள் வழக்கில் பாதியைக் கொன்றுவிடும். வண்டியில் இருந்த பொருள்களின் பட்டியலை அன்றே எழுதி நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். ஏலத்துக்கு முன் கட்ட வேண்டிய தொகையையும் எழுத்தில் கேளுங்கள்.

வங்கி இல்லை, தண்டல்காரர். மீட்டர் வட்டி. அதற்கு எங்கே போவது?

ரிசர்வ் வங்கிக்கு இதில் வேலையில்லை. 2003ஆம் ஆண்டின் தமிழ்நாடு கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறது. நாள் வட்டி, மணி வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் எல்லாம் அதில் பெயர் சொல்லியே வருகின்றன. 3 ஆண்டு வரை சிறை, 30,000 ரூபாய் வரை அபராதம். பலருக்குத் தெரியாத ஒரு வழியும் அதில் உண்டு: அசலையும் அரசு நிர்ணயித்த வட்டியையும் மட்டும் கோர்ட்டில் கட்டிவிட்டு, கடன் தீர்ந்ததாகப் பதிவு செய்யக் கேட்கலாம். இதற்கு வக்கீல் கட்டாயம் வேண்டும். கட்டிய தொகைக்கு ஆதாரம் இருப்பதும் அவசியம். தண்டல் அட்டையைத் தூக்கிப் போடாதீர்கள்.

வலுக்கட்டாய வசூலுக்கு எதிராக 2025இல் தமிழ்நாடு தனிச் சட்டமே கொண்டுவந்திருக்கிறது. குடும்பத்தினரை மிரட்டுவது, பின்தொடர்வது, ஆவணங்களைப் பறித்து வைத்துக்கொள்வது ஆகியவை அதன்படி குற்றம்.

தபாலில் வந்த கவர்: எதற்கு எவ்வளவு அவசரம்?

*வக்கீல் நோட்டீஸ்.* அது கோர்ட் உத்தரவு அல்ல. செக் பவுன்ஸ் நோட்டீஸாக இருந்தால் மட்டும் கைக்கு வந்த நாளிலிருந்து 15 நாள் கணக்கு ஓடத் தொடங்கிவிடும். அதற்குள் கட்டினால் வழக்கு கிடையாது. வாங்காமல் திருப்பி அனுப்பினால் தப்பிக்கலாம் என்பது பழைய நம்பிக்கை. சரியான முகவரிக்கு வந்ததை மறுத்தால் கிடைத்ததாகவே கொள்வார்கள். வெற்றுச் செக்கில் கையெழுத்துதான் போட்டேன் என்ற வாதமும் தனியாக நிற்காது. கடனே இல்லை அல்லது தொகை தவறு என்று காட்ட வேண்டிய பொறுப்பு உங்கள் தலையில் விழும்.

*லோக் அதாலத் நோட்டீஸ்.* பார்த்ததும் நடுங்குகிறார்கள். வழக்குக்கு முந்தைய லோக் அதாலத் சமரசப் பேச்சு மட்டுமே; போகாவிட்டால் தண்டனை இல்லை. ஆனால் போவது நல்லது, வட்டியைக் குறைக்கப் பேரம் பேச நல்ல இடம் அது. கையெழுத்திடும் முன் யோசியுங்கள்: லோக் அதாலத் தீர்ப்பின் மேல் அப்பீல் கிடையாது.

*ஆர்பிட்ரேஷன் நோட்டீஸ்.* கோர்ட்டுக்குப் பதிலாக ஒரு நடுவரிடம் தீர்ப்பு வாங்குவது. நிதி நிறுவனங்கள் விரும்பும் வழி. ஒப்பந்தத்தின் பதினேழாம் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும். பதில் போடாவிட்டால் நீங்கள் இல்லாமலே தீர்ப்பு வரும், அது டிக்ரி (கோர்ட்டின் தீர்ப்பாணை) மாதிரியே நிறைவேறும். நிறுவனம் தன்னிச்சையாக நடுவரை நியமித்திருந்தால் அதையே எழுத்தில் ஆட்சேபிக்கலாம். தீர்ப்பை எதிர்க்க மூன்று மாதம், தகுந்த காரணம் காட்டினால் மேலும் 30 நாள். அதற்கு மேல் ஒரு நாள்கூட இல்லை.

*சிவில் சம்மன்.* சென்னை நகருக்குள் 1 கோடி ரூபாய் வரையிலான வழக்குகள் சிட்டி சிவில் கோர்ட்டில். எதிருரைக்கு (உங்கள் தரப்புப் பதிலை எழுத்தில் தாக்கல் செய்ய) 30 நாள். புரோநோட்டு போன்றவற்றில் சுருக்க விசாரணை வழக்கு வந்தால் ஆஜராக 10 நாள்தான். விட்டுவிட்டால் எக்ஸ்பார்ட்டி, அதாவது நீங்கள் இல்லாமலே தீர்ப்பு, அதை நீக்க 30 நாளுக்குள் மனு போட வேண்டும். டிக்ரியே ஆனாலும் துணிமணி, சமையல் பாத்திரம், கைத்தொழில் கருவி, பி.எஃப்., ஓய்வூதியம் ஜப்தி ஆகாது. பணக் கடன் டிக்ரிக்காகப் பெண்களைச் சிறையில் வைக்க சிவில் நடைமுறைச் சட்டம் 56ஆம் பிரிவு அனுமதிப்பதில்லை.

*சர்ஃபேசி நோட்டீஸ்.* வீட்டுக் கடன், அடமானக் கடனுக்கு வருவது; கோர்ட்டில் வழக்குப் போடாமலே அடமானச் சொத்தை எடுத்து விற்க வங்கிக்கு வழிசெய்யும் சட்டம் இது. எல்லாவற்றிலும் இதுதான் ஆபத்து. 60 நாள் நோட்டீஸுக்குள் ஆட்சேபம் எழுதுங்கள்; வங்கி 15 நாளில் பதில் தர வேண்டும். சுவாதீன நோட்டீஸ் (சொத்தை வங்கி எடுத்துக்கொண்டதாக அறிவிப்பது) ஒட்டியபின் கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்குப் போக 45 நாள்தான். சென்னையில் இப்படி மூன்று தீர்ப்பாயங்கள் இருக்கின்றன. ஏல அறிவிப்பு வெளியாவதற்கு முன் முழுதும் கட்டினால் வீட்டை மீட்கலாம். வெளியானபின் அந்த உரிமை போய்விடும். சாதாரண சிவில் கோர்ட்டில் தடை வாங்கித் தருகிறேன் என்பவரை நம்பி நாளை வீணாக்காதீர்கள்.

ஆறு வருஷத்துக்கு முந்தைய கிரெடிட் கார்டு பாக்கியை இப்போது கேட்கிறார்கள்.

ஈடில்லாத கடனுக்கு வழக்குப் போடக் காலவரம்பு 3 ஆண்டு. ஏஜென்டுக்கும் இது தெரியும். அதனால்தான் "ஆயிரம் ரூபாயாவது கட்டுங்க, ஒரு லெட்டர் மட்டும் கொடுங்க" என்பார். காலவரம்புக்குள் கையெழுத்திட்டு ஒப்புக்கொண்டால் அன்றிலிருந்து புதிதாக மூன்று ஆண்டு ஓடும். காலம் கடந்த கடனையும் 'தருகிறேன்' என்று எழுதிக் கையெழுத்திட்டால் ஒப்பந்தச் சட்டம் 25ஆம் பிரிவு அதற்கு உயிர் கொடுத்துவிடும். கடைசியாகக் கட்டிய தேதியைப் பார்க்காமல் எதையும் எழுதித் தராதீர்கள்.

இலவச வக்கீல் யாருக்குக் கிடைக்கும்?

பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிலாளர்கள் ஆகியோருக்கு வருமான வரம்பே இல்லை. மற்றவர்களுக்கு ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும். தமிழ்நாடு மாநில சட்டப்பணிகள் ஆணைக்குழு வடக்குக் கோட்டைச் சாலையில், உயர் நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கிறது. உதவி எண் 15100. வந்த நோட்டீஸ், கடன் ஒப்பந்தம், ஆறு மாத வங்கிக் கணக்கு, ஆதார் எடுத்துப் போங்கள். வருமானச் சான்று தேவைப்படுபவர்கள் இ-சேவையில் முன்பே விண்ணப்பியுங்கள். வாய்தாவுக்கு முந்தின நாள் சாயங்காலம் போய் நின்றால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. நியமிக்கப்பட்ட வக்கீல் உங்களிடம் பணம் கேட்கக் கூடாது. கேட்டால் அங்குள்ள செயலாளரிடம் சொல்லலாம்.

'லோன் செட்டில்மென்ட்' கம்பெனிகளிடம் போகலாமா?

எங்கள் கருத்து, வேண்டாம். மாதக் கட்டணம் வாங்கிக்கொண்டு, தவணையை நிறுத்தச் சொல்லி, போன்களைத் தங்கள் பக்கம் திருப்பிவிடுவார்கள். கோர்ட்டில் ஆஜராக அந்தக் கம்பெனிக்கு உரிமை இல்லை. வங்கியோடு செட்டில்மென்ட் பேச இடைத்தரகர் தேவையுமில்லை. வக்கீல் என்றால் பார் கவுன்சில் பதிவு எண் கேளுங்கள். வசூலில் இத்தனை சதவீதம் என்று ஃபீஸ் பேசுவது வக்கீல் தொழில் விதிக்கே விரோதம். வெற்று வக்காலத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

செட்டில்மென்ட் ஒத்துக்கொண்டார்கள். பணம் கட்டலாமா?

வங்கியின் லெட்டர்ஹெட்டில், அல்லது வங்கியின் சொந்த மின்னஞ்சல் முகவரியிலிருந்து கடிதம் வந்தபிறகு மட்டும். அதில் கணக்கு எண், முழுத் தொகை, கடைசித் தேதி, 'இதன்பின் பாக்கி இல்லை' என்ற வாசகம், நிலுவை வழக்கை வாபஸ் வாங்கும் உறுதி எல்லாம் இருக்க வேண்டும். தவணைத் தேதி ஒரு நாள் தவறினாலும் தள்ளுபடி ரத்தாகும் என்று வழக்கமாக எழுதியிருக்கும், கவனியுங்கள். கட்டியபின் நிலுவையின்மைச் சான்றும் கொடுத்து வைத்த செக்குகளும் திரும்ப வர வேண்டும். சிபில் அறிக்கையில் இது 'செட்டில்ட்' என்று விழும், 'க்ளோஸ்ட்' என்று அல்ல. அடுத்த கடனுக்குப் போகும்போது அந்த வித்தியாசம் தெரியும். முழுதும் கட்டி முடித்த அடமானக் கடனில் பத்திரத்தை 30 நாளில் திருப்பித் தராவிட்டால், தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் வங்கி 5,000 ரூபாய் தர வேண்டும்.

மஞ்ச நோட்டீஸ் கொடுத்துவிட்டால் எல்லாம் தீர்ந்துவிடுமா?

கடனைக் கட்ட வழியில்லை, நொடித்துவிட்டேன் என்று கோர்ட்டில் மனு போடுவதைத்தான் ஐ.பி. கொடுப்பது, மஞ்ச நோட்டீஸ் என்று ஊரில் சொல்கிறார்கள்; அது இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. சென்னை நகருக்கு 1909ஆம் ஆண்டின் மாகாணத் தலைநகர் நொடிப்புச் சட்டம் பொருந்தும், மனு உயர் நீதிமன்றத்தில். நகருக்கு வெளியே 1920ஆம் ஆண்டுச் சட்டம். ஆனால் நொடித்தவராக அறிவிக்கப்பட்டால் உங்கள் சொத்து அஃபிஷியல் அசைனி (நொடித்தவரின் சொத்தை நிர்வகிக்கும் அதிகாரி) கைக்குப் போகும். வீட்டை அடமானம் பிடித்த வங்கியை அது நிறுத்தாது. மனு போடும் முன் மனைவி பெயருக்கு எழுதி வைத்ததையெல்லாம் கிளறுவார்கள். கடன் நிறைய, சொத்து ஏதுமில்லை, சம்பளமும் இல்லை என்ற நிலையில் மட்டும் வக்கீலோடு உட்கார்ந்து யோசிக்க வேண்டிய வழி.

அப்பா இறந்துவிட்டார். அவர் கடனை நான் கட்ட வேண்டுமா?

அவரிடமிருந்து உங்களுக்கு வந்த சொத்தின் மதிப்பு வரைக்கும்தான். சொத்து எதுவும் வரவில்லை, நீங்கள் கூட்டுக் கடன்தாரரோ சூரிட்டியோ இல்லை என்றால் உங்கள் சம்பளத்தைத் தொட முடியாது. இறப்புச் சான்றிதழின் நகலை வங்கிக்கு அனுப்பி, கடனோடு காப்பீடு எடுக்கப்பட்டிருந்ததா என்று எழுத்தில் கேளுங்கள். வீட்டுக் கடனிலும் பர்சனல் லோனிலும் பலருக்கு அந்த பிரீமியம் தொடக்கத்திலேயே பிடிக்கப்பட்டிருக்கும், வீட்டில் யாருக்கும் தெரிந்திருக்காது. கடன் வழங்கிய அன்றைய கணக்கு விவரத்தில் அந்த வரி இருக்கிறதா பாருங்கள்.